மீன்கூடையில் வந்த பனையோலை

2001-ல் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து சென்னை காலடிப்பேட்டைக்கு வந்தேன். எங்கள் ஊரில் கார்த்திகைக்குப் பச்சைப் பனையோலைக்குள் கருப்பட்டி மாவை வைத்துக் கொழுக்கட்டை அவிப்போம். இங்கே கடைகடையாக அலைந்தும் ஓலை கிடைக்கவில்லை. தெருவில் மீன் விற்கும் ரோஸி அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? எண்ணூர்ல எங்கம்மா வூட்டாண்ட பனமரமா கீதுமே!"

மறுநாள், கார்த்திகையன்று, தன் மீன்கூடை நிறைய ஓலை கொண்டுவந்தார். எத்தனை முறை கழுவியும் கவிச்சி போகவில்லை. விரதமாவது மண்ணாங்கட்டியாவது என்று அவித்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் தெருவெல்லாம் பனை வாசம்!

"இன்னாமே, இப்டி மணக்குது!" என்று அக்கா சுடச்சுடத் தின்றார். ஜெயித்துவிட்டேன்.

அடுத்த கார்த்திகைக்கு ஊரில் அம்மா அவித்துத் தந்தாள். ருசிதான். ஆனால் அந்தக் கவிச்சி இல்லாமல் எனக்கென்னவோ அது கார்த்திகையாகவே தெரியவில்லை.