எட்டு நடக்குது

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு ஆள் பிடித்து மடிக்க வேண்டிய படுக்கை விரிப்பை, ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு ஒருத்தியே மடித்துவிடுவாள். நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று போய் உட்காரும். அதே மருத்துவமனையில் நோயாளி பராமரிப்பில் முப்பத்தோரு வருடம் இருந்தவள் நான். காலையில் விரிப்பு வாங்கக் கீழ்த்தளத்துக்குப் போனால், அடுக்கைப் பார்த்தே அவள் வேலைக்கு வந்திருக்கிறாளா, விடுப்பா என்று சொல்லிவிடுவேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விட்டுப்போகவில்லை. குடியிருப்பதும் ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு. அவள் வீட்டில் தாளிக்கிற வாசனை என் வீட்டில் தும்மலாக வரும்.

கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள். வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள்.

ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி மடிப்புக்குத் தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு வந்தது. குடலிறக்கம். இருமினால் எலுமிச்சை அளவுக்கு வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். அதுதான் உள்ளே போய்விடுகிறதே என்று ஒரு வருடம் ஓட்டினாள். ஒரு நாள் அது உள்ளே போக அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மருத்துவரைப் பார்த்தாள். அறுவை சிகிச்சைக்கு ஏழு மாதம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. கோடை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதைத் தவறவிட்டால் மறுபடியும் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும்.

அந்த வாரம் பார்த்துக் கணவனுக்கு எல்லை தாண்டிய ஓட்டம். மருத்துவமனையில் அவள் பக்கத்தில் இருக்கப்போவது நான். அந்த வார்டில் பிள்ளைகளை விடமாட்டார்கள். மகளை எங்கே விடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பங்குக் கோவிலில் முகாம் அறிவிப்பு ஒட்டினார்கள். கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு வாரக் கோடை முகாம். ஞாயிறு மதியம் பேருந்து கிளம்பும், அடுத்த ஞாயிறு திரும்பும். செபம், பாட்டு, விளையாட்டு, நீச்சல். மடிப்பு அன்றைக்கே படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டாள். தன் வயிற்றைப் பற்றி மட்டும் மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பயந்துவிடுவாளாம்.

பிள்ளையை முகாமுக்குத் தயார் செய்வது என்றால் மடிப்புக்குப் பை அடுக்குவதுதான். அறுவை அரங்குக்குத் துணிக்கட்டு போவதுபோல, ஒரு நாளைக்கு ஒரு கட்டு. மேல்சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறை, கைக்குட்டை எல்லாம் சேர்த்துச் சுருட்டி, நாடா கட்டி, கிழமை எழுதி வைத்தாள். மருத்துவமனையில் ஒவ்வொரு வார்டு துணிக்கும் ஒரு நூல் அடையாளம் உண்டு. அதே வழக்கத்தில் மகளின் துணி ஒவ்வொன்றிலும் மூன்று சிவப்புத் தையல் போட்டாள். காலுறைக்கும் போட்டாள். புது நீச்சல் உடைக்கும் போட்டாள். எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிப் போட்டால் என்ன என்று மகள் கேட்டதற்கு, வெளுத்த விரிப்பில் தேநீர் கொட்டியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பையை விடு, பிள்ளையைப் பார் என்றேன் நான். தானாகக் குளிக்க வேண்டும், காது மடலுக்குப் பின்னால் தேய்க்க வேண்டும், துண்டைப் பிழிந்து காயப்போட வேண்டும். இத்தனை நாளும் அம்மா செய்துவிட்ட வேலைகள். முதல் நாள் பிழிந்த துண்டிலிருந்து அரை வாளித் தண்ணீர் சொட்டியது. நான்காம் நாள் பரவாயில்லை. தலை பின்னத்தான் வரவில்லை. பின்னலுக்குப் பதிலாக முடிச்சு விழுந்தது, முடிச்சை அவிழ்க்க அரை மணி, அழுகை அரை மணி. கடைசியில் மடிப்பு தையல் கத்திரிக்கோலை எடுத்துத் தோளோடு வெட்டிவிட்டாள். அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருந்தது. அப்பா வந்தால் என்ன சொல்வார் என்று மகள் கேட்டாள். அவர் லாரியைத் துடைக்கவே நேரமில்லாதவர், உன் தலையையா பார்க்கப்போகிறார் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் கோவிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியிருந்தாள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. முகாமில் புதன்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் என்று அட்டவணையில் பார்த்தவள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாவங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். ஒரு கையை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். ஒன்று, டீச்சர் முதுகுக்குப் பின்னால் பழிப்புக் காட்டியது. இரண்டு, பிஸ்கட்டின் நடுவில் இருக்கிற கிரீமை மட்டும் நக்கிவிட்டு மறுபடியும் ஒட்டி டப்பாவில் வைத்தது. மூன்று, இரவுச் செபத்தைப் பாதியில் விட்டுத் தூங்கியது.

நான்காவதுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"பெரிம்மா, இன்னும் சொல்லாத பொய்யை இப்பவே எழுதி வெச்சுக்கலாமா?"

"என்ன பொய்?"

"எட்டு வயசு முடிஞ்சுதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லணுமாம். ஞாயித்துக்கிழமைதான் சொல்லப்போறேன். புதன்கிழமை மறந்துட்டா என்ன பண்றது?"

நகவெட்டியைக் கீழே வைத்தேன். காலுறைக்குச் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்த மடிப்பு தலையை நிமிர்த்தவில்லை.

"எட்டு நடக்குது அக்கா. யார் கேட்டாலும் அப்படித்தானே சொல்றோம்? இதுல பொய் எங்க வந்துச்சு?"

அவள் சொன்னது நம் வழக்கம்தான். ஏழாவது பிறந்தநாளுக்கு மறுநாளே எட்டு நடக்க ஆரம்பித்துவிடும். பேருந்தில் டிக்கெட் எடுக்கும்போது மட்டும் வயது பின்னால் நடக்கும். ஆனால் முகாம் படிவத்தில் 'எட்டு வயது நிறைந்தவர்கள் மட்டும்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. இந்தப் பிள்ளை பிறந்த அன்று அந்த வார்டில் எனக்குத்தான் பணி. துடைத்துச் சுற்றிக் கொடுத்ததும் நான்தான். தேதி எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு நிறைய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

"நடக்கட்டும். வந்து சேரலையே" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை போச்சுன்னா அடுத்த வருஷம்தான் அக்கா. அதுவரைக்கும் இதைக் கையால அமுக்கிக்கிட்டே மூட்டை தூக்கச் சொல்றீங்களா?"

"எதை அமுக்கிக்கிட்டு?" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை, போய்க் காலைக் கழுவு என்று விரட்டினாள்.

பிள்ளை போனதும் நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. வேலை விஷயமாகத்தான் பேசினேன். அதே படிவத்தில் கீழே, எந்த மருந்து இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வரி இருக்கிறது. வயது எழுதிய மேல் வரி பொய் என்று தெரிந்தால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அந்தக் கீழ் வரியை நம்பி யார் மருந்து கொடுப்பார்கள்? தவிர, இந்த வாய் முகாம் போய்ச் சேரும் வரைக்கும் தாங்காது, பேருந்திலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடும். மடிப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நாளைக் காலையில் நீங்களும் கூட வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை முகாம் சிஸ்டரின் அலுவலகத்துக்குப் போனோம். மேசை முழுக்க விசில்கள், பந்துகள், சுருட்டிய கயிறுகள். சிஸ்டர் அதற்கு நடுவில் உட்கார்ந்து பெயர் அட்டைகளுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். மகளுக்கு ஒரு கயிற்றைக் கொடுத்து வெளியே குதிக்க அனுப்பினார். ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது என்று ஆரம்பிக்க வேண்டும் என்று படிக்கட்டெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மடிப்பு, உள்ளே போனதும் அதையெல்லாம் மறந்துவிட்டு, எட்டு இல்லை ஏழு என்று போட்டு உடைத்தாள்.

சிஸ்டர் கோபப்படவில்லை. படிவத்தைத் தேடி எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். போன வருடம் இரண்டு சின்னப் பிள்ளைகள் இரண்டாம் நாளே அழுது காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார்களாம். வீட்டிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டதாம். அதனால்தான் இந்த விதி என்றார்.

"உங்க பிள்ளை அழுதா நீங்க வந்துடுவீங்களாம்மா?"

மடிப்பு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இது அவள் சொல்ல வேண்டியது.

"செவ்வாய்க்கிழமை மட்டும் முடியாது சிஸ்டர். அன்னைக்கு என் வயித்தைத் திறந்து வெச்சிருப்பாங்க."

வெளியே கயிறு தரையில் அடிக்கிற சத்தம் நின்றது. மகள் வாசலில் நின்றாள்.

"யாரு திறப்பாங்க?"

மடிப்பு அவளைக் கிட்டே இழுத்து, அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

"டாக்டர். இங்க பாரு, ஒரு சின்ன ஓட்டை விழுந்திருக்கு. குடல் எட்டிப் பார்க்குது. அதை உள்ள தள்ளித் தைச்சிடுவாங்க. தைச்சா சரியாயிடும்."

பிள்ளை விரலால் தடவிப் பார்த்தாள். "நீங்க தைக்கிற மாதிரி நேரா தைப்பாங்களா?"

"சொல்லிப் பார்க்கறேன்."

சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு வயது என்ன என்று கேட்டார். அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏழு முடிந்து எட்டு நடக்கிறது என்றாள்.

"முகாமுக்கு வந்தா அழுவியா?"

"கொஞ்ச நேரம் அழுவேன் சிஸ்டர். அப்புறம் தூங்கிடுவேன்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்து வயதுக்காரர்கள் எல்லாம் அழவே மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்து அழுகிறார்கள், இவள் ஒருத்திதான் எவ்வளவு நேரம் என்றுகூடச் சொல்கிறாள் என்றார். படிவத்தில் எட்டை அடித்தார். எட்டு நடக்கிறது என்று எழுதிக்கொள்ளலாமா என்று மடிப்பு மெதுவாகக் கேட்டாள். கட்டத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது என்று சொல்லி ஏழு என்று எழுதினார். அழைக்க வேண்டிய எண்ணுக்கு என்னுடையதை வாங்கிக்கொண்டார். படுக்கை தன் அறையை ஒட்டி என்றார். நீச்சல் மட்டும் கிடையாது. அந்த நேரத்தில் சமையலறையில் பட்டாணி உரிக்க வேண்டும்.

பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. புது நீச்சல் உடை பையில் கிடந்ததே. ஆனாலும் வாயைத் திறந்து கெஞ்சவில்லை. நோட்டில் நான்காவதை அடித்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். அடித்துக்கொள் என்றார் சிஸ்டர், என்ன ஏது என்று தெரியாமலே.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கேள்விதான். கத்தியா, கத்திரிக்கோலா? அம்மா முழித்துக்கொண்டிருப்பாளா? நூல் என்ன நிறம்? ஓட்டையை அடைக்க வலை வைப்பார்களாமே, மீன் பிடிக்கிற வலையா? கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம். அவள் நிறையக் கேட்டாள், நானும் நிறையச் சொன்னேன். மடிப்பு பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பையை அம்மா தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, தானே தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலில் இருந்து இரண்டு தடவை கையாட்டினாள். மூன்றாவது தடவைக்குள் பக்கத்து இருக்கைப் பெண்ணோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு மணி நேரம், அவ்வளவுதான். கண் விழித்ததும் மடிப்பு தன் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, இன்றைக்கு யார் மடித்தது என்று முனகினாள். பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் என் கைபேசி அடித்தது. முகாம் எண். மடிப்பு வார்டுக் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அழறாளா அக்கா?"

அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அழவில்லை, அதுதான் இப்போது பிரச்சினை என்றார் சிஸ்டர். மதியம் தங்கும் அறையில் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, அம்மாவின் அறுவை சிகிச்சையை ஒன்றுவிடாமல் விளக்கியிருக்கிறாள். ஒரு தலையணையின் தையலை ஒரு சாண் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து இதுதான் குடல் என்று காட்டி, உள்ளே தள்ளி, சமையல்காரரிடம் ஊசி நூல் வாங்கித் தைத்தும் விட்டாள். தையல் ரொம்ப நேராகத்தான் இருக்கிறதாம். ஆனால் அப்போதிலிருந்து மூன்று பிள்ளைகள் இருமப் பயப்படுகிறார்களாம். ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பந்து விளையாடுகிறானாம்.

மடிப்பு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராத சிரிப்பு, ஆனால் கட்டிலே ஆடியது. சிரிக்காதே, தையல் இழுக்கும் என்று அதட்டி, தலைமாட்டில் இருந்த தலையணையை எடுத்து அவள் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குள் அந்தப் பக்கம் கைபேசி கை மாறிவிட்டது.

"பெரிம்மா, அம்மாவுக்கு மொத்தம் எத்தனை தையல்? நாங்க இங்க பந்தயம் கட்டியிருக்கோம்."

"கட்டுப் பிரிச்சதும் எண்ணிச் சொல்றேன். அதுவரைக்கும் யார் தலையணையையும் தொடாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். மடிப்பின் சிரிப்பு அடங்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.