விளங்காத அபராதம்

இந்த இத்தாலியில் மாதா கோயிலுக்குள் சப்பாத்தோடுதான் போகிறார்கள். எனக்கு அது இன்னும் முடியவில்லை. இலங்கையில், நோட்டன் பிரிட்ஜில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் தோட்டத் துரையே வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். அப்படியே நானும் கழற்றி வைத்துவிட்டுக் குளிரில் வெறுங்காலோடு முட்டி போட்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கம்பளிக் காலுறை ஒரு சோடியை என் கையில் திணித்துக் கன்னத்தைத் தடவினாள். "ஒங்களுக்குச் சப்பாத்து வாங்க வழியில்லன்னு நெனச்சிட்டாங்கம்மா" என்று சிரித்தான் மகன். "எங்கிட்ட மூணு சோடி இருக்குன்னு அவகிட்ட சொல்லுடா!" என்றேன். வீடு வந்தும் கோபம் இறங்கவில்லை.

இந்த வீம்பு இன்று நேற்று வந்ததில்லை. என் மகள் ஸ்டெல்லா, சாவுக்குத் தப்படிக்கிற வீட்டுப் பையனோடு போனாள். எங்கள் வீட்டு வரிசையிலேயே எட்டுக் காம்பரா தள்ளித்தான் குடியிருந்தாள். நான் முகம் பார்க்கவில்லை. முதல் பிரசவத்திலேயே பிள்ளையோடு செத்துப்போனாள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கொழுந்துக்குப் போகமாட்டார்கள். நான் மட்டும் விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நின்றேன்.

"என்னக்கா, எழவு வீட்டுல ஒங்கள தேடுறாங்க. கூடையோட வந்து நிக்கிறீங்க?" என்றார் கங்காணி.

"எனக்கு மக இல்ல. எந்த மலைன்னு சொல்லுங்க."

அவர் சாவு வீட்டுக்கு நடந்தார். நான் தனியாக மலையேறிக் கொழுந்து கிள்ளினேன். கீழே தப்புச் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை கிள்ளினேன்.

ஊரில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சாமியாருக்கு எல்லாரையும் தெரியும். இங்கே சாமியாருக்குத் தமிழ் தெரியாது என்ற துணிச்சலில், போன மாதம் எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டி அழுதேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கையை உயர்த்தி மன்னிப்புச் செபம் சொன்னார். அந்தக் கை எந்த ஊரிலும் ஒன்றுதான். எழுந்து புதிதாக நட என்று ஆண்டவரே சொன்னதுபோல் இருந்தது. ஆனால் செய்த பாவத்துக்கு அபராதமாக என்ன செய்யச் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த அபராதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மருமகனுக்குப் போன் எடுத்தேன். அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அது.

"மன்னிச்சிருங்க தம்பி."

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்றீங்க? இருங்க" என்றார். மூச்சு வாங்க மேட்டில் ஏறுவது கேட்டது. "ஸ்டெல்லாவ பொதச்ச எடத்துக்கு வந்துட்டேன். போனை அவகிட்ட வச்சிட்டுத் தள்ளிப் போறேன். பேசுங்க."

"அம்மா வந்திருக்கேன்டி" என்றேன்.

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தேன். மகன் வீட்டுக் குசினிச் சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காதுக்குள் காற்றில் தேயிலைச் செடி உரசிக்கொண்டிருந்தது.