கட்டிலுக்கு அடியில் ஒரு சைக்கிள்

பஸ்ஸில் கொண்டுபோக மடக்குச் சைக்கிள் செய்தவர்கள் இருக்கலாம். நான் செய்தது ஒளித்து வைக்க.

எங்கள் தெருமுனைக்கு எஸ்.டி.டி. பூத் வந்த புதிது. சேரன்மகாதேவியில் குடியிருந்தோம். எனக்குப் பத்தமடை போகிற வழியில் ஒரு கிரில் பட்டறையில் வேலை. தெருவில், வாசலில் நிற்கிற சைக்கிள் எல்லாருக்கும் பொது. "எடுத்துக்கிடுதேன்வே" என்று சொல்லும்போதே ஒரு கால் பெடலில் இருக்கும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. தலை தானாக ஆடிவிடும். அப்புறம் நான் நடந்துதான் வேலைக்குப் போக வேண்டும்.

"இன்னொரு தடவ லேட்டா வந்தீருன்னா வேற ஆளப் போட்டுருவேன்வே" என்றார் முதலாளி.

"முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு என்ன?" என்றாள் மனைவி.

அந்த ஒரு வார்த்தையைவிட, சைக்கிளை இரண்டாக அறுப்பது எனக்குச் சுலபமாகப் பட்டது.

முதலாளி மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் அறுத்தேன். பழைய இரும்புக் கடையிலிருந்து சிறுபிள்ளைகள் சைக்கிளின் சக்கரங்களை வாங்கி மாட்டினேன். சின்னச் சக்கரம் ஊர்ந்துதான் போகும் என்பதால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தை மட்டும் பெரிதாகவே விட்டேன். நடுத்தண்டில், கேட்டுக்குப் போடும் கீலை வைத்து வெல்டிங் செய்தேன். முதல் நாள் வாய்க்கால் பாலத்தில் பிரேக் பிடித்ததும், நான் மேலே இருக்கும்போதே அது மடங்கியது. கீல் போட்டால் தாழ்ப்பாளும் போட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. ஹேண்டில்பாரும் சீட்டும் குழாய்க்குள் இறங்கும்படி செய்ததும், முழுச் சைக்கிளும் ஓர் அரிசிச் சாக்குக்குள் அடங்கியது. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கொஞ்ச நாள் நேரத்துக்கு வேலைக்குப் போனேன். முதலாளி, "சர்க்கஸ்ல சேந்துட்டீராவே?" என்று கேட்டதோடு சரி.

ஒரு நாள் எதிர்வீட்டு அண்ணாச்சி என்னை ரோட்டில் பார்த்துவிட்டார். சாயங்காலம் வந்து, "அந்தக் குட்டச் சைக்கிள் எங்கவே?" என்றார். மனைவி அடுப்படியிலிருந்து இருமினாள். என் கண் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"சாக்குக்குள்ளயா? அப்ப பஸ்ஸுல ஏறும்லா! மகளப் பாக்க வள்ளியூர் போணும். பஸ்ஸ்டாண்டுலருந்து அவ வீடு ரொம்பத் தூரம். கொண்டு போயிட்டு வாரேன்வே."

தலை ஆடியது.

பழைய சைக்கிள் அதிகம் போனால் ஆற்றங்கரை வரை போகும். இருட்டுவதற்குள் வந்துவிடும். இது வள்ளியூரிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் நடந்து போனேன். முதலாளி பட்டறை வாசலில் நின்றார்.

"சைக்கிள் எங்கவே?"

"வள்ளியூர்ல."

"அம்புட்டுத் தூரம் எவன் மிதிச்சான்?"

"மிதிக்கல. சாக்குல கட்டி பஸ்ஸுல போயிருக்கு."

வேற ஆள் பேச்சு வரப்போகிறது என்று நின்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தென்காசியில ஒரு சோலி கெடக்கு. அது வந்ததும் இங்கன கொண்டு வாரும். ரெண்டு நாள்ல தந்துருதேன்."

தலை ஆடியது.

அதற்கப்புறம் நான் தாமதமாக வந்தால் அவர் ஒன்றும் கேட்பதில்லை. சைக்கிள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.