ஏழாவது விதியும் என் மூக்கும்

எங்கள் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கும் பதினொரு விதிகளையும் எழுதியவன் நான். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பத்திநான்கு வருடம் இரத்தமும் சளியும் பார்த்து ஓய்வு பெற்று, வீட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்த என்னை, நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்று வாரத்தில் நான்கு நாள் வேலைக்குக் கூப்பிட்டது. புதிய தொற்றுகளுக்கும், யாராவது வேண்டுமென்றே பரப்பக்கூடிய கிருமிகளுக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பொறுப்பும் என்னிடமே வந்தது. பயந்தவனிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தது. கையுறைப் பெட்டிகளை எண்ணினேன். மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பும் மூன்றடுக்குப் பெட்டிகளை எண்ணினேன். பெட்டி மூன்று, மூடி இரண்டு. வளர்ப்புத் தட்டில் சந்தேகமான கிருமி வளர்ந்தால் தட்டை மூடி ஒட்டுவது, காற்றை வடிகட்டும் பாதுகாப்பு அலுமாரிக்கு வெளியே அதைத் திறக்காமல் இருப்பது, அறையில் நின்றவர்களின் பெயரை எழுதுவது என்று எல்லாவற்றையும் இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம்.

"நம்மட வாவிக்கரைக்கு ஆர் சேர் கிருமி கொண்டு வரப்போறான்? மீனுக்குக் காய்ச்சல் குடுக்கவா?" என்று கேட்டாள் என்னோடு வேலை செய்யும் இளம்பெண்.

"ஒருத்தரும் கொண்டு வரத் தேவையில்ல, புள்ள. பயங்கரக் கிருமிப் பட்டியல்ல இருக்கிற ஒண்டு நம்மட வயல் வட்டைச் சேத்துக்குள்ளயே கிடக்கு" என்றேன்.

உண்மைதான். மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா அது. ஆயுதமாகிவிடும் என்று வெளிநாட்டில் பூட்டி வைக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அது கிடக்கும் வயலில் முழங்கால்வரை இறங்கி நிற்கிறார்கள்.

மழைக்காலத்தில், வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவரின் சீழ் பரிசோதனைக்கு வந்தது. சீனி வருத்தக்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர்; இரண்டு கிழமையாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் தட்டில் சுருக்கம் விழுந்த வெள்ளைப் புள்ளிகள். நான் மேசையிலேயே மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், நன்றாக ஒரு இழுவை இழுத்தேன். மழை விழுந்த மண்ணின் மணம், அந்த வயல் கிருமியின் மணம்.

எங்கள் காலத்தில் கிருமிகளை மூக்கால்தான் பழகினோம். ஒன்று திராட்சை போல மணக்கும், இன்னொன்று மீன் போல. அந்த மூக்குக்கு நான் எழுதிய ஏழாவது விதி எட்டவில்லை: "எந்தத் தட்டையும் மணந்து பார்க்கக் கூடாது." அடிக்கோடும் போட்டிருந்தேன்.

தட்டை மூடி ஒட்டினேன். இந்தக் கிருமி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் ஆளைக் கொல்லக்கூடியது, சீனி வருத்தக்காரருக்கு இன்னும் மோசம் என்று பயிற்சியில் விளக்கியவனும் நான்தான். எனக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். மணந்தவர் உடனே மருந்து தொடங்கவேண்டும். இருபத்தொரு நாள் குளிசை, நாளுக்கு இரண்டு தடவை காய்ச்சல் அளவு.

அறையில் நின்றவர்களின் பட்டியலை எழுதினேன். நான்கு பெயர். அந்த இளம்பெண் வாங்கிப் பார்த்தாள்.

"சேர், அஞ்சு பேர்தானே நிண்ட?"

"நாலு. எண்ணித்தான் எழுதினன்."

"உங்கள எண்ணினீங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மணந்தீங்க, நான் கண்டன். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

சாவை விட, அவள் சிரித்துவிடுவாள் என்பதே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. ஐந்தாவதாக என் பெயரை எழுதி, எதிரே "மணந்தார்" என்று எழுதினாள். சிரித்திருக்கலாம்.

அன்று மாலையே வைத்தியர் குளிசை தந்தார். கொழும்பிலிருந்து வந்த பதில் அந்தக் கிருமிதான் என்றது. விவசாயிக்கு அதற்குள் சரியான மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். இப்போது எழுந்து நடக்கிறாராம். நான் நடப்பதில்லை. நடந்தால் உடம்பு சூடாகி அளவு பிழையாகிவிடும்.

"சேர், காய்ச்சல் படிவத்தில நாளுக்கு ரெண்டு கட்டம்தான் இருக்கு. நீங்க ஏழு எழுதி அனுப்புறீங்க. மற்ற அஞ்சையும் நான் எங்க போடுற?" என்று வீட்டில் இருக்கும் என்னை அந்த இளம்பெண் தொலைபேசியில் கேட்டாள்.

"ஓரத்தில போடு, புள்ள."

இன்று பதின்மூன்றாம் நாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நெற்றி சுட்டது. வெப்பமானியைத் தேடினேன், காணவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து கையை வைத்துப் பார்த்தாள்.

"வெயிலுக்க கதிரையப் போட்டுக் குந்தினாச் சுடாம என்ன செய்யும்? இஞ்சால நிழலுக்கு வாங்க. அந்தக் காய்ச்சல் குழாய் என்னட்டத்தான் இருக்கு, பின்னேரம் தாறன்."

கதிரையை நிழலுக்கு இழுத்தேன். பின்னேரத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. நெற்றியைத் தொடாமல் இருக்க, இரண்டு கையாலும் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.