பியருக்கு ஒரு காஸ் சிலிண்டர்

போன சனிக்கிழமை என் மகன் வீட்டில் காய்ச்சும் பியருக்கு நுரை ஏற்றுவதற்காக, கரியமில வாயு நிரப்பிய ஒரு காஸ் சிலிண்டர் வாங்கினான். இருபத்திரண்டு வயது. என்னைக் கூட்டிக்கொண்டு போனது காருக்காக மட்டும்தான். சிலிண்டரைக் கொடுத்தவர், மூடிய அறைக்குள் வைக்க வேண்டாம், இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கி நிற்கும், மணத்தால் கண்டுபிடிக்கவும் முடியாது என்றார். மகன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி தலையாட்டினான். நான் அதைப் பறித்து, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லு என்று கத்திவிட்டேன். எல்லோரும் பார்க்கிறார்கள் அம்மா என்று பிரெஞ்சில் முணுமுணுத்தான். காஸ் நிலத்தோடு தேங்கி நிற்கும் என்ற அந்த வசனத்தை முதல் தடவை கேட்டபோது எனக்குப் பத்து வயது.

அப்போது நாங்கள் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத் தெருவான லா சப்பலில், கடைகளுக்கு மேலே நாலாம் மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு ஹோல், யன்னலே இல்லாத ஒரு சாமான் அறை. அந்தச் சாமான் அறைதான் மாமாவின் இருப்பிடம். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. விசாவுக்காகக் காத்திருந்தபடி ஒரு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும், இரவு வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். இடையில் வந்து, நிலத்தில் மெத்தையை விரித்துப் படுத்துவிடுவார்.

கூட வேலை செய்த ஒரு போலந்துக்காரர் அவருக்குப் பியர் காய்ச்சப் பழக்கினார். இடியப்பச் சட்டியில் மாமா முளைவிட்ட பார்லி அவித்ததால், அம்மா ஒரு மாதம் அந்தச் சட்டியைத் தொடவில்லை. பியர் நுரைக்க வேண்டுமானால் போத்தலுக்குள் கொஞ்சம் சீனி போட்டு இறுக மூடிவைக்க வேண்டுமாம். தேத்தண்ணிக்கே மூன்று கரண்டி போடுகிற மனிதருக்குக் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யார் சொல்வது? ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா அப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஆறு போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஊரில் விழுந்ததுபோல ஷெல் குண்டு என்று நினைத்த அம்மா என்னை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டார். பியர் நிலமெல்லாம் ஓடிவந்து எங்கள் முழங்காலை நனைத்த பிறகுதான் வெளியே வந்தோம்.

அன்றோடு வீட்டில் சீனி தடைசெய்யப்பட்டது. சிலிண்டர் காஸை நேரே பியருக்குள் ஏற்றலாம் என்று போலந்துக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் காஸை எங்கே எடுப்பது என்பதுதான் அடுத்த இரண்டு மாதமும் வீட்டுப் பேச்சு. சோடா அடிக்கும் சின்னக் குப்பிகள் ஒரு போத்தலுக்கே போதவில்லை. மீன்தொட்டிக் கடையில் விற்றது, தொட்டிச் செடிகளுக்கு மட்டும் போதுமான அளவு. ரெஸ்ரோறன்டின் சிலிண்டர்களை முதலாளி எண்ணிவைத்திருந்தார். கடைசியில் மாமாவின் பார்வை எங்கள் மாடிப்படியில் தொங்கிய தீயணைக்கும் கருவியில் விழுந்தது. அதற்குள்ளும் அதே காஸ்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அதைக் கழட்டினியெண்டால், மச்சான், பில்டிங் எரியேக்கை நீ பியரை ஊத்தித்தான் நூர்க்கோணும்," என்றார் அப்பா.

"பியர் நல்லா வந்தால் ஊத்த விடமாட்டியள், அத்தான்."

ஒருவழியாக நகருக்கு வெளியே லா கூர்னெவில் காஸ் சிலிண்டர் விற்கும் ஒரு கிட்டங்கி இருப்பது தெரியவந்தது. பெயருக்கும் முகவரிக்கும் அப்பா தன் கரண்ட் பில்லைக் கொடுத்தார். பாஷைக்கு மாமாவோடு நான் போனேன். வீட்டுக் கடிதங்களை வாசிப்பதும் டொக்டரிடம் அம்மாவின் தலையிடியை விளக்குவதும் ஏற்கனவே என் வேலைதான். ஆகவே எனக்குப் பயமிருக்கவில்லை. கொஞ்சம் பெருமைதான் இருந்தது.

கிட்டங்கிக்காரர் நல்ல மனிதர். இரும்பு ஒட்டுவேலைக்கா, குடிக்கிற சாமானுக்கா என்று கேட்டார். இரண்டும் ஒரே காஸ்தானே, மலிவானதைத் தரச் சொல்லு என்றார் மாமா. ஒட்டுவேலைச் சிலிண்டருக்குள் வேறு காஸும் கலந்திருக்கலாம், எண்ணெய் அழுக்கும் இருக்கலாம், வயிற்றுக்குள் போவதென்றால் உணவுக்கானதையே எடுங்கள் என்று அவர் சொன்னார். நான் ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னேன். மாமா பூரித்துப்போனார்.

"பாத்தியளே, என்ரை மருமோள் அப்புக்காத்து மாதிரிக் கதைக்கிறாள்," என்று தமிழ் தெரியாத அந்த மனிதரிடமே சொன்னார். அப்புக்காத்து என்றால் பெரிய வக்கீல். எனக்குக் காது சூடானது.

அதன்பிறகுதான் கிட்டங்கிக்காரர் அந்த வசனத்தைச் சொன்னார். மெதுவாக, விரலை நீட்டி, என்னைப் பார்த்தே சொன்னார். பிரெஞ்சில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் என் தமிழ் வீட்டுத் தமிழ். கசிவதற்கும் தேங்குவதற்கும் மூச்சடைப்பதற்கும் என்னிடம் சொற்கள் இருக்கவில்லை. தெரியாது என்று சொன்னால் அப்புக்காத்துப் பட்டம் போய்விடும்.

"என்னவாம், பிள்ளை?"

"கவனமாக் கொண்டுபோகட்டாம்," என்றேன்.

மாமா கவனமாகத்தான் கொண்டுவந்தார். சந்தைக்கு உருட்டிப்போகிற சில்லுப் பைக்குள் சிலிண்டரை நிறுத்தி, வெளியே தெரியாமலிருக்க மேலே ஒரு லீக்ஸ் கீரைக்கட்டைச் செருகி, ரயிலில் ஒரு கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் இடமில்லாததால் அது அவருடைய மெத்தைக்குப் பக்கத்திலேயே நின்றது.

நாலாம் நாள் பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா சாமான் அறை வாசலில் நின்று ஏசிக்கொண்டிருந்தார். மாமாவின் முகம் சிவந்து வேர்த்திருந்தது. பெரிதாக மூச்சு வாங்கினார், கூப்பிட்டால் கொன்னினார்.

"குடிச்சுப்போட்டுக் கிடக்கிறார். இன்னும் ஒரு மணித்தியாலத்திலை வேலைக்குப் போகோணும்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுப்பலாமென்று மெத்தையருகே குனிந்தேன். லிமொனாட் சோடா குடித்து ஏவறை வரும்போது மூக்கு கூசுமே, அந்தக் கூச்சம் ஏறியது. அந்த அறையில் யாரும் லிமொனாட் குடித்திருக்கவில்லை. கிட்டங்கிக்காரரின் நீட்டிய விரல் கண்முன் வந்தது. "அம்மா, நிலத்திலை காஸ் நிக்குது, மாமாவை இழுங்கோ!" என்று கத்தினேன். சொற்கள் இல்லையென்று நினைத்திருந்தேன். இந்தச் சொற்கள் எப்போதும் என்னிடம்தான் இருந்திருக்கின்றன.

அம்மா கேள்வி கேட்கவில்லை. காலைப் பிடித்து மாமாவை ஹோலுக்கு இழுத்து, யன்னலைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வந்து மாமாவுக்கு ஒக்சிசன் கொடுத்தார்கள். அப்பாவும் வேலையிலிருந்து வந்துவிட்டார். குழாய் பூட்டுகிற இடத்தில் வாஷர் சரியாக இருக்கவில்லை, காஸ் அதனால்தான் கசிந்திருந்தது. காஸ் ஏற்றிய பியர் பீப்பாவை மாமா இன்னும் திறக்கவேயில்லை, ஒரு வாய் குடித்திருக்கவும் இல்லை.

மாமா எழுந்து சுவரில் சாய்ந்த பிறகு, தீயணைப்புப் படையினரில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டார். கிட்டங்கியில் எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லையா என்று இவரிடம் கேள் என்றார். அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

மாமா ஒக்சிசன் முகமூடியை விலக்கினார். என் முகத்தையே பார்த்தார்.

"சொன்னவர். பிள்ளை எனக்கு வடிவா விளங்கப்படுத்தினவள். நான்தான் மறந்துபோனன்."

"பச்சைப் பிள்ளை சொன்னதையும் கேளாமல், உனக்கு மண்டைக்குள்ளை என்னடா கிடக்கு?" என்று அப்பா பாய்ந்தார். நாளைக்கே வேறு அறை பார் என்றார். மாமா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் தலையைத் தடவினார். நான் மாமாவின் பதிலை ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன்.

காஸ் மாமாவின் மூளையைக் குழப்பிவிட்டது, நான் சொல்லாததைச் சொன்னதாக நினைக்கிறார் என்றுதான் அப்போது நான் நம்பினேன். நல்லகாலம் என்றும் நினைத்தேன். ஞாபகம் எந்த நேரமும் திரும்பிவிடலாம் என்ற பயத்தில், அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு எபினேயில் கிடைத்த வேறு அறைக்குப் போகும்வரை, அவர் இருக்கிற பக்கமே நான் போகவில்லை.