களத்துப் பாறையில் விழுந்த நிழல்

அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். ஜவ்வாது மலையில் அந்த ஊருக்கு எதிரே காற்றாலைகள் வந்தால் மலை எப்படித் தோன்றும் என்று ஊராருக்குக் காட்டுவதற்காக எடுத்த படம். கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்று, மலையடிவாரத்தில் படவேட்டில் இருந்தேன். காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் ஜீப் அனுப்பினார்கள். மலையிலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகள் பலர். நான் காட்டினால் ஊர் நம்பும் என்று நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

அந்த ஊரில் வீடுகளுக்கு மேலே ஒரு தட்டைப் பாறை உண்டு. அதுதான் எல்லோருக்கும் களம். தை மாதத்தில் சாமைக் கதிரை அதில் பரப்பி, மாடுகளைப் பிணைத்து மிதிக்கவிடுவார்கள். வேறு சமதரை அங்கே கிடையாது. காற்றாலை வரவிருந்த முகடு, பாறைக்கு நேர் எதிரே சூரியன் எழும் பக்கம். படத்தை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் களத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. நான் போனதோ உச்சி வெயிலில். ஷூவைக் கழற்றிவிட்டுச் சுடும் பாறையில் நிற்க மனமில்லை. கீழே தார் ரோட்டில், கடை ஓரமாக நின்று, அகலமாகக் காட்டும் லென்ஸில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த லென்ஸ் தூரத்து மலையை இன்னும் தூரத்தில் தள்ளிவிடும். பிறகு படத்தில் வரைந்து சேர்த்த காற்றாலைகள் தீக்குச்சி அளவுக்குத்தான் இருந்தன.

ஊர்க் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். தன் சாமையைத் தானே மாடு ஓட்டி மிதிக்கவைப்பவள்.

"களத்துல நின்னு பாத்தா இன்னா மாதிரி சார் தெரியும்?"

"இதே மாதிரிதாம்மா."

படத்துக்கு வெயிலைச் சாக்குச் சொல்லலாம். அந்தப் பதிலுக்குச் சொல்ல முடியாது. அங்கிருந்து பெரிதாகத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். முன்வரிசையில் எனக்குப் போட்டிருந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

காற்றாலைகள் எழுந்தன. அடுத்த தையில் அவள் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னாள். விடியலில் பாறையருகே போய் நின்றேன். முகட்டுக்குப் பின்னால் சூரியன் ஏறியதும் இறக்கைகளின் நிழல் பாறைமேல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. காலடியில் நிழல் வந்து வந்து போக, மாடுகள் மிரண்டு பின்வாங்கின.

"பாத்தீங்களா சார்? உங்க போட்டோல தீக்குச்சி. இங்க பனமரம் கைய வீசிக்கினு நடந்து வருது" என்றாள்.

அவள் கொழுந்தன் விடவில்லை. "அண்ணி, சார் போட்டோவ மாட்டுக்குக் காட்டு. பயம் தெளிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிழல் விலகிய பிறகுதான் மாடுகளை ஓட்ட முடிந்தது. அதற்குள் பாறை சுட ஆரம்பித்திருந்தது. நான் நிற்க மறுத்த சூட்டில் அவர்கள் தினமும் நின்றார்கள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தாள். "அது போவட்டும். இதே மேட்டுல இன்னும் நாலு வரப்போவுதாமே. அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

மறுநாள் விடியலில் வெறுங்காலோடு பாறையில் ஏறி நின்று, கண் மட்டத்தில் கேமராவை வைத்து எடுத்தேன். கையை நீட்டிப் பிடித்தால் படத்திலுள்ள முகடும் எதிரே உள்ள முகடும் ஒரே அளவில் பொருந்தும்படி பெரிதாக அச்சிட்டேன். வரப்போகும் நான்கையும் அதே அளவில் வரைந்து சேர்த்தேன். கூட்டத்தைப் பாறையிலேயே நடத்தச் சொல்லிக் கேட்டேன். கம்பெனியின் இளம் எஞ்சினியர் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார்.

அவள் படத்தை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். நிற்கும் காற்றாலைகளும் படத்துக் காற்றாலைகளும் ஒரே அளவில் பொருந்தின. "இது சரி" என்று எஞ்சினியர் கையில் கொடுத்தாள். அவர் படத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாலோட நிழலும் களத்துலதான் விழும்போல இருக்கே."

"காத்தாடி வேணாம்னு நாங்க சொல்லலீங்க" என்றான் கொழுந்தன். அவனுக்கு அந்தக் காற்றாலைகளில்தான் காவல் வேலை. "கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்னுதான்."

உடனே நடந்துவிடவில்லை. பல முறை மலையேறினேன், பல முறை கம்பெனி அலுவலகத்தில் காத்திருந்தேன். கடைசியில் புதிய நான்கும் முகட்டின் மறுசரிவுக்குப் போயின. பழையவற்றை எடுக்க முடியாது. ஆனால் சாமை மிதிக்கும் நாட்களில் காலையில், நிழல் விலகும்வரை அவற்றை நிறுத்திவைக்கச் சம்மதித்தார்கள். முகட்டின் பழைய வடிவம் திரும்பவில்லை. பாறையிலிருந்து பார்த்தால் இன்றும் அவை பெரியவைதான்.

இந்தத் தையில் போயிருந்தேன். இறக்கைகள் அசையாமல் நின்றன. பாறையில் கிடந்த நிழல்களும் அசையவில்லை. மாடுகள் அவற்றை மிதித்துக்கொண்டே சுற்றி வந்தன. கொஞ்ச நேரம் நானும் கயிற்றைப் பிடித்து நடந்தேன். நிழல் விலகி, பாறை சுடத் தொடங்கியதும் முகட்டில் ஒரு காற்றாலை மெல்ல அசைந்து சுழலத் தொடங்கியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சுத்த வுட்டுட்டாங்க. மாட்ட அவுத்து வுடு" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கஞ்சி நேரம் ஆச்சு. வாங்க சார், குடிச்சிட்டுப் போவலாம்."