என் கொழுந்தியாளும் இரண்டு ஹார்ட் டிஸ்கும்

என் மனைவியின் தங்கை கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவள். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள், வாய் மட்டும் கூரையைத் தொடும். கடை என்று தனியாக இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவர் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களின் வயிற்றுச் சாமான்கள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கடையில் மூன்று வருஷம் பிரிண்டருக்கு மை ஊற்றினாள். ஸ்க்ரூ டிரைவரைத் தொட முதலாளி விடவில்லை. அவர் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் கழற்றியும் மாட்டியும் தொழிலைக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் வாசலில் வந்து நிற்கிறவர்கள், "ரிப்பேர் பண்றவரு இல்லியா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "அவரு செத்து நாளாச்சு. என்ன கோளாறு, சொல்லுங்க" என்பாள்.

அவளை நான் மதித்ததில்லை என்று சொன்னால் பொய். மதித்ததை அவளிடம் காட்டியதில்லை, அவ்வளவுதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். வெட்டுப்பட்ட காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பேன். அச்சுக்குள் அளவு ஊசியை ஓட்டினால் காலின் உருவம் கம்ப்யூட்டரில் ஏறும்; ஏறியதும் அச்சை உடைத்துப் போட்டுவிடுவேன். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் மிஷின் ஒரு நுரைக்கட்டையை அதே உருவத்தில் செதுக்கும். அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்துவது மறுபடி என் வேலை. அந்தக் கம்ப்யூட்டருக்கு வயது பதினான்கு. அதில் இருக்கிற புரோகிராமைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் அதற்குப் பிரதி இருப்பதாக எங்களுக்குத் தெரியாது.

அன்று காலை பதினொன்றரைக்கு ஒரு கண்டக்டரின் கால் பாதி செதுக்கியிருந்தபோது மிஷின் நின்றது. கம்ப்யூட்டருக்குள் டிக், டிக், டிக் என்று சத்தம். திரை நீலமாகி அப்படியே உறைந்தது.

கண்டக்டர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். பஸ் விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போனவன். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் டிப்போவில் டாக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை திரும்பக் கிடைக்கும். காட்டாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது.

"என்னண்ணே, என் காலு பாதி வழியில இறங்கிடுச்சா?" என்றான். சிரிப்பு வாயில்தான் இருந்தது.

கொழுந்தியாளுக்குப் போன் போட்டேன். போனிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "டிஸ்க் சாகுது, உடனே கரண்டை நிறுத்துங்க. திரும்பப் போட்டுப் பாக்கறேன்னு கையை வெச்சீங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷத்தில் வந்து நின்றாள். ஒரு பை, ஒரு லேப்டாப், அதோடு அவள் அலமாரியில் கிடந்த காலி டிஸ்க் ஒன்று. பெரிய புது டிஸ்கை இந்தக் கிழட்டுப் பெட்டி ஏற்காதாம். அதனால் அதே கம்பெனி, அதே அளவு பார்த்து எடுத்து வந்திருந்தாள். பழசைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"பேனா குடுங்க மாமா, பழசுல குறி போடணும்."

கைக்கு எட்டியது என் ஊதாப் பென்சில். அதைக் கொடுத்தேன். பழைய டிஸ்கில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இந்தப் பெட்டியில ரெண்டு குழி பாருங்க" என்று கையகலப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். "இடதுல பழசு, வலதுல காலி. பொத்தானை மூணு எண்ற வரைக்கும் அழுத்திப் புடிச்சா இடதுல இருக்கறது அப்படியே வலதுக்குப் போகும். மாத்தி வெச்சா காலி போய்ப் பழசு மேல உக்காரும். எல்லாம் போச்சு. நான் கம்ப்யூட்டருக்குள்ள தூசி ஊதிட்டு வரேன். எதையும் தொடாதீங்க."

தொடாதே என்றால் தொடாமல் இருக்க வேண்டியதுதானே. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம், எதையும் துடைக்காமல் கைமாற்ற மாட்டோம். டிஸ்க் இரண்டிலும் மாவுத்தூள் படிந்திருந்தது. ஈரத்துணியை எடுத்து இரண்டையும் அழுத்தித் துடைத்தேன். வழவழவென்று வந்தது. துணியைப் பார்த்தேன். ஊதா.

அந்தப் பென்சில் எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஈரம் பட்டால் கரைய வேண்டும் என்பதற்காகவே செய்தது. தோலில் போட்ட குறி கரைந்து ஈர மாவில் ஒட்டினால்தான் எலும்பு எங்கே இருக்கிறது என்று அச்சில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதைக் கையில் பிடிக்கிறேன். இப்போது இரண்டு டிஸ்கிலும் ஒரே மாதிரி லேசான ஊதாக் கறை. எதை இடது கையில் எடுத்தேன்? எதை முதலில் வைத்தேன்?

சொல்லியிருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு வாயில் போட்டு மெல்லுவாளே என்று நினைத்தேன். கண்டக்டர் வேறு பார்த்துக்கொண்டிருந்தான். வலப்பக்கம் இருந்ததுதான் பழசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்துவிட்டேன்.

வந்தாள். குறி போட்டதை இடது குழியில் செருகினாள், மற்றதை வலதில். பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள்.

"ஒண்ணு."

ஊதாத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"ரெண்டு."

"எடு கையை!" என்று கத்தினேன். கண்டக்டரின் ஊன்றுகோல் கீழே விழுந்தது. அவள் விரலை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்தக் குறி நான் போட்டது. உன்னோடது அழிஞ்சுபோச்சு. துடைச்சிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டு டிஸ்கையும் உருவினாள், அந்தக் கையகலப் பெட்டியைப் பைக்குள் போட்டாள், லேப்டாப்பைத் திறந்தாள். "இது மெதுவாத்தான் போகும். ஆனா எதுல என்ன இருக்குன்னு கண்ணால பாத்துட்டுச் செய்யலாம்" என்றாள், கண்டக்டரிடம்.

நான் குறி போட்டதை முதலில் மாட்டினாள். சத்தமில்லாமல் சுற்றியது. திரையில் ஒன்றுமே இல்லை. காலி.

இன்னும் ஒரு எண்ணிக்கை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் காலி போய்ப் பழசு மேல் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து பழசு. டிக். டிக். டிக். சுற்றவில்லை. அவள் அதைப் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்தாள். டிக். டிக். தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு முனகல் கேட்டது, பிறகு சுற்றத் தொடங்கியது. திரையில் எண்கள் ஓடின.

"யாரும் மேசையில இடிக்காதீங்க. மாமா, நீங்க மூச்சுகூட அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

இரண்டரை மணி நேரம். படிக்க முடியாத இடம் வந்தால் எண் நிற்கும், டிக் கேட்கும், அந்த இடத்தை விட்டுத் தாண்டிப் போகும். நிற்கும்போதெல்லாம் கண்டக்டர் கண்ணை மூடிக்கொள்வான். "தங்கச்சி, ஸ்டாப் ரொம்ப அதிகமா இருக்கே. எக்ஸ்பிரஸ் இல்லியா?" என்றான் ஒருமுறை. "பாலம் உடைஞ்ச ரோடுண்ணே. உருட்டித்தான் போகணும்" என்றாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் வந்து நின்ற எண், என் சட்டை முதுகில் ஒட்டுகிற வரை நகரவில்லை. பிறகு நகர்ந்தது. முடிந்தது.

பிரதி ஏறிய டிஸ்கைக் கம்ப்யூட்டருக்குள் வைத்து நான்கு திருகும் முடுக்கினாள். கம்ப்யூட்டர் கிளம்பியது. புரோகிராம் திறந்தது. மிஷினின் கை ஒருமுறை மேலே போய் வந்தது.

அவள் கண்டக்டரின் பெயரைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். பழைய டிஸ்கில் செத்துப்போயிருந்த இடங்களில் ஒன்று அவன் கால். மற்ற ஆட்களுடையதில் தட்டிப் பார்த்த வரை எல்லாம் திறந்தன.

"உங்களோடது மட்டும் வரலண்ணே" என்றாள். அன்று முதல்முறையாக அவள் குரல் இறங்கியது.

மணி மூன்று. கண்டக்டர் திரையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"காப்பி போனா போவுது தங்கச்சி. ஒரிஜினல் நான் இங்கதான உக்காந்திருக்கேன்? அண்ணே, என்ன வேடிக்கை, மாவைக் கரைங்க!"

கரைத்தேன். அவ்வளவு வேகமாக நான் அச்சு எடுத்ததில்லை. மாவு இறுகும் வரை அவன் காலை அசையாமல் பிடித்துக்கொண்டவள் கொழுந்தியாள். நான் ஊசியை ஓட்டினேன், கட்டையை மாட்டினேன், மிஷின் செதுக்கியது. ஐந்தரைக்குப் பிளாஸ்டிக்கைப் போர்த்தினேன். சூடு ஆறவில்லை என்று தெரிந்தும் இரண்டு முறை தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். ஏழு மணி வாக்கில், நடை பழகுகிற கம்பிகளுக்கு நடுவே அவன் எழுந்து நின்றான். முதல் நான்கு அடி கம்பியைப் பிடித்து, அடுத்த மூன்று பிடிக்காமல்.

"உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் பத்தரை வரை போன் வரவில்லை. பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகாலுக்கு வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை. காது கிழியும்படி இரண்டு விசில், பஸ்ஸைக் கிளப்புகிற விசில். அதோடு வைத்துவிட்டான்.

நான் கொழுந்தியாளைக் கூப்பிட்டேன்.

"என்ன மாமா, இன்னிக்கு எதைத் துடைச்சீங்க?"

"கண்டக்டர் வண்டி ஏறிட்டான்."

அந்தப் பக்கம் ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நேத்து கத்தினீங்களே," என்றாள், "அது நல்ல வேலை." உடனே, "சரி வைங்க, ஆள் நிக்குது" என்று வைத்துவிட்டாள்.